தவறிக் காட்டிய வித்தைக்காரர்

மந்திரவித்தை காட்டுபவர் ஒருவர் மேடைக்கு வந்தால் அவரிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றே. அவர் தவறுதல் ஆகாது. வெறுங்கையிலே காசு தோன்றுதல் வேண்டும். இரண்டாக அறுத்த கயிறு ஒன்றாதல் வேண்டும். மூடிய பெட்டியினின்று புறா பறத்தல் வேண்டும். ஒரு செப்பின் கீழ் வைத்த உருண்டை மற்றொரு செப்பின் கீழே தோன்றுவதாகக் காட்டும் விளையாட்டினின்றே செப்படிவித்தை என்னும் பெயர் பிறந்தது. செப்பைத் தூக்கும்போது உருண்டை தவறான இடத்தில் அகப்பட்டுக்கொள்ளுமாயின், வித்தைக்காரருடைய மானமும் அன்றைய வரும்படியும் ஒருங்கே போயின என்பது வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி.

அங்ஙனமிருக்க, மேடைக்கு மேடை தவறிக் காட்டியே பெரும்புகழ் ஈட்டிய ஒருவர் பிரித்தானியாவிலே வாழ்ந்தார். அவர் பெயர் ரொமி கூப்பர். 1947 முதல் 1984 வரை, முப்பத்தேழு ஆண்டுகள், வித்தை பிழைத்துப்போய் விழிக்கும் வித்தைக்காரராகவே அவர் மக்கள் முன் நின்றார். அவரைக் கண்ட மாத்திரத்தே, அவர் வாய்திறக்கு முன்னரே, அரங்கம் சிரித்தது என்பர். இவ்வாரம் அவருடைய வாழ்க்கையை நம் வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, இருந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். இது சிரிப்பிலே தொடங்கிச் சிரிப்பிலேயே முடிந்த வரலாறு. எனினும் அதன் முடிவு நம்மைச் சிரிக்கவிடாத முடிவாகும்.

கூப்பர் 1921ஆம் ஆண்டு மார்ச் 19ஆந் திகதி வேல்ஸ் நாட்டின் கெயர்பிலி என்னும் ஊரிலே பிறந்தார். சிறு குழந்தையாயிருக்கும்போதே பெற்றோர் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்செற்றர் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அவருக்கு எட்டு வயதானபோது சிறிய தாயார் ஒருவர் மந்திரவித்தைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பரிசளித்தார். சில்லறை விளையாட்டுப் பொருள்கள் அடங்கிய அப்பெட்டியே அவருடைய வாழ்க்கைத் தொழிலுக்கு வித்தாயிற்று. உருவத்தாலும் அவர் பிறரினின்று வேறுபட்டார். ஆறடிக்கு மேலும் சில அங்குலம் வளர்ந்த நெடிய உடல், பருத்த கைகள், மிகப் பெரிய பாதங்கள். மெல்லிய விரல்களும் நளினமான அசைவும் வேண்டப்படும் ஒரு கலைக்கு அவ்வுடல் பொருந்தாதென்றே எவரும் கூறியிருப்பர்.

பள்ளிக் கல்வி முடிந்தபின், படகு கட்டும் தொழிற்சாலை ஒன்றிலே தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே தொழிலாளர் உணவுச்சாலையில் நடந்த ஒரு விருந்து நிகழ்ச்சியில் வித்தை காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. அன்று நிகழ்ந்ததை அவரே பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். பால் நிறைந்த போத்தலின் வாயைத் தாளால் மூடித் தலைகீழாகக் கவிழ்ப்பது அவ்வித்தைகளுள் ஒன்று. பால் சிந்தாமல் நிற்றல் வேண்டும். அது நில்லாது அவர்மீதே கொட்டிற்று. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைத்தன. நாக்குழறி, வியர்த்து, மேடையை விட்டிறங்கி அழுதார் அவ்விளைஞர்.

இவ்வித்தையிலே மந்திரம் யாதுமில்லை என்பதை விஞ்ஞானம் கற்கும் நம் மாணவர் அறிவர். தாளின்மேல் நிற்கும் திரவத்தின் பாரத்தைக் காட்டிலும், கீழிருந்து மேனோக்கி அழுத்தும் வளிமண்டலத்தின் அமுக்கம் மிகப் பெரியது. ஆதலாற்றான் தாள் விழாது நிற்கின்றது. விளிம்பிலே சிறிது இடைவெளி ஏற்பட்டுக் காற்று உட்புகுந்தாலோ, அடுத்த கணமே யாவும் கீழே வந்துவிடும். ஆய்வுகூடத்திலே இது நேர்ந்தால் மேசையைத் துடைத்துவிட்டு மீண்டும் செய்கின்றோம். நூறு பேர் நோக்கியிருக்கும் மேடையிலே நேர்ந்தால் நெஞ்சு துடிக்கின்றது. பிழை ஒன்றே, பார்க்கும் கண்கள் உள்ளமையாலும் இன்மையாலும் அஃது இருவேறு வடிவம் கொள்கின்றது.

அழுது ஓய்ந்தபின் அவ்விளைஞருடைய மனம் ஒன்றைப் பற்றிக்கொண்டது. வித்தைகள் பிழைத்தன, மெய்தான். ஆனால் கூடியிருந்தோர் சிரித்தார்களே! அச்சிரிப்பு வருமென்று அவர் எண்ணியிருக்கவில்லை. அவமானத்திற்குப் பின் மனிதனுக்கு வழக்கமாக இருவழிகள் தோன்றும். ஒன்று, இனி மேடைப் பக்கமே செல்வதில்லை என்று ஒதுங்கிவிடல். மற்றொன்று, இனி ஒருபோதும் பிழையாதவாறு பயில்வதென உறுதிகொள்ளல். கூப்பர் கண்டது மூன்றாம் வழி. பிழையையே பயில்வது என அவர் துணிந்தார். தற்செயலாகக் கிட்டிய சிரிப்பை வேண்டியபோதெல்லாம் வரவழைக்க இயலுமா என்னும் வினாவுக்கு விடை காண்பதே அவர் வாழ்நாள் முயற்சியாயிற்று.

1940இல் அவர் படையிற் சேர்க்கப்பட்டார். குதிரைக் காவற்படையைச் சேர்ந்த அவர் ஏழு ஆண்டுகள் போர்ச்சேவையிலிருந்தார். எகிப்தியப் பாலைவனப் போர்முனையிலும் பணியாற்றினார். பின்னர்ப் படைவீரரை மகிழ்விக்கும் கலைக்குழுவிலே வித்தை காட்டத் தொடங்கினார். கெய்ரோ நகரில் ஒருநாள் இரவு, தாம் அணியவேண்டிய வெயிற்றொப்பியை மறந்துவிட்டு மேடைக்கு வந்தாராம். அவ்வழியே சென்ற உணவுப் பணியாளர் ஒருவருடைய சிவந்த துருக்கித் தொப்பியைச் சட்டென எடுத்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். அவையோர் கொல்லெனச் சிரித்தனர். நம் நாட்டு முஸ்லிம் பெரியோர்கள் மிடுக்கோடு அணிந்திருந்த அதே வகைத் தொப்பிதான். அவர்கள் தலையில் மதிப்பைத் தந்த அத்தொப்பி, இந்நெடிய உருவத்தின்மீது ஏறியதும் நகைப்பைத் தந்தது. அன்று தொடங்கி இறுதி நாள் வரை அதுவே அவருடைய அடையாளமாயிற்று.

1947இல் படையினின்று விடுபட்டு, மேடையையே பிழைப்பாகக் கொள்வதென இலண்டனுக்கு வந்தார். அவ்வாண்டின் பெப்ரவரியிலே சைப்பிரசுத் தீவில் குவென் என்னும் மங்கையை மணந்திருந்தார். அவ்வம்மையாரும் படைவீரரை மகிழ்விக்கும் கலைஞரே. இசைக்குழுத் தலைவராயிருந்த மிஃப் ஃபெரி என்பவர் கூப்பரின் ஆற்றலை உணர்ந்து அவருக்கு முகவரானார். அத்தொடர்பு கூப்பரின் இறுதிவரை நீடித்தது. தொடக்க ஆண்டுகள் எளியனவல்ல. ஐரோப்பியச் சுற்றுலா, நத்தார்க் கால வேடிக்கை நாடகம், இரவு விடுதி எனக் கிடைத்த மேடையிலெல்லாம் ஏறினார். விண்ட்மில் என்னும் புகழ்பெற்ற அரங்கிலே நாள்தோறும் பல காட்சிகள் நிகழ்ந்தன. அங்கும் இரவு விடுதியிலும் மாறி மாறித் தோன்றிய காலத்தில், ஒரே வாரத்தில் 52 முறை மேடையேறினார் என்பது அவர் வரலாற்றிற் பதிவாகியுள்ள செய்தி. ஒரு நாளைக்கு ஏழு முறைக்கு மேல் என்று கணக்கிட்டால் அவ்வுழைப்பின் அளவு புலனாகும்.

இனி அவருடைய கலையின் தன்மையைச் சற்று நோக்குவோம். மேசைமீது ஒரு போத்தல். அருகே ஒரு கண்ணாடிக் குவளை. இரண்டையும் இரு குழாய்களால் மூடுகின்றார். போத்தல் இருந்த இடத்திற்குக் குவளையும், குவளை இருந்த இடத்திற்குப் போத்தலும் மாறுதல் வேண்டும். போத்தல், குவளை, குவளை, போத்தல் என்று மாறி மாறிப் பெயர் சொல்லிக்கொண்டே செல்கிறார். சொல்லுகின்ற வேகத்திற் சொல்பவரே குழம்பிவிடுகின்றார். பின்னர் எதிர்பாராத வகையிலே போத்தல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகி மேசையிலே பெருகுகின்றன. அவற்றை எங்கே வைப்பதென்று அறியாது அவர் திகைக்கின்றார். பார்ப்போர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர்.

மற்றொரு காட்சி தொப்பிகளைப் பற்றியது. ஒரு பெட்டி நிறையப் பலவகைத் தொப்பிகள் இருக்கும். ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே, பாத்திரம் மாறுந்தோறும் அதற்குரிய தொப்பியை எடுத்து மாட்டுவார். கதை விரைந்தோடும், தொப்பி பின்தங்கும். வேண்டிய தொப்பி கைக்கு வராது, வேண்டாதது வந்து நிற்கும். யார் பேசுகின்றார் என்பது பேசுபவருக்கே மறந்துபோகும். கைகளை முன்னே நீட்டி ஆட்டி, 'இதோ, இப்படித்தான்' என்னும் பொருள்பட அவர் கூறும் சிறு தொடரை அக்காலத்துப் பிரித்தானியச் சிறுவர் யாவரும் நடித்துக் காட்டினர்.

இவற்றைக் காண்பவர், இவருக்கு வித்தை தெரியாது போலும் என்று எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. போத்தல்கள் பெருகும் அவ்வித்தை செம்மையாகச் செய்தற்கே கடியது. வித்தையைச் செம்மையாகச் செய்துகொண்டு, முகத்திலும் கையிலும் மாத்திரம் திகைப்பைக் காட்டுதல் அதனினும் கடியது. கூப்பர் மந்திரவித்தைக் கலைஞரின் புகழ்பெற்ற சங்கமாகிய 'மஜிக் சேர்க்கிள்' என்பதன் உறுப்பினர், தொழிலறிந்தோரால் மதிக்கப்பட்டவர். பல வித்தைகள் பிழைத்தபின், ஒருவரும் எதிர்பாராத வேளையில் ஒரு வித்தையை அப்பழுக்கின்றி முடித்துக் காட்டுவது அவர் வழக்கம். அப்போது சிரிப்பு ஒருகணம் நின்று வியப்பாக மாறும். முன்னைய பிழைகளெல்லாம் அறிந்து செய்தவையோ என்னும் ஐயம் அவையோர்க்கு அப்பொழுதே தோன்றும்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றுண்டு. வாய்விட்டுச் சிரிப்பவனுடைய கண் அக்கணத்தில் எதனையும் கூர்ந்து நோக்குவதில்லை. தலை பின்னே சாய்கின்றது. அருகிலிருப்பவன் முகத்தைப் பார்க்கின்றான். மனத்தின் கட்டுத் தளர்கின்றது. வித்தைக்காரனுடைய கை தன் மறைவான வேலையை முடிப்பதற்கு அதனினும் சிறந்த வேளை வேறில்லை. ஆகவே நகைச்சுவை வித்தைக்குப் பூசிய வெறும் மேற்பூச்சன்று. வித்தையை மறைக்கும் திரையும் அதுவே. இதனை அறியாதோர் நகைச்சுவை வித்தைக்காரரைத் தரங்குறைந்தவராக எண்ணிவிடுகின்றனர்.

நம் முன்னோரும் நகையின் இயல்பை ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலில் வைத்தார். பிறரை எள்ளுதல், இளமைத் தன்மை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன்கள் என வகுத்தார். பேதைமைக்கும் மடமைக்கும் வேற்றுமை யாது என மாணவர் வினவுவதுண்டு. அறியாமை பேதைமை, கற்பித்த ஒன்றைப் பற்றிக்கொண்டு அதனை விடாமை மடமை என்னும் கருத்துப்பட உரையாசிரியர் விளக்குவர். கூப்பரிடத்தே இவ்விரண்டும் மேடை வடிவம் பெற்றன எனலாம். வித்தை கண்ணெதிரே சிதைந்துகொண்டிருக்கும். அவரோ கற்றுக்கொண்ட முறையை விடாது முடிக்கவே முயல்வார். அவர் பிறரை எள்ளிச் சிரிப்பூட்டியதினும் தம்மையே நகைப்பொருளாக ஆக்கிக்கொண்டது மிகுதி. பிழை செய்து நாணியிருக்கும் நம் ஒவ்வொருவர் நெஞ்சும் அவரைக் கண்டு ஆறுதலடைந்தது.

அவருடைய குழப்பத்தின் பின்னே எத்துணை ஒழுங்கு இருந்தது என்பதற்குச் சான்று அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின் உலகோர் பார்வைக்கு வந்தது. 2016இல் இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேட் அரும்பொருட்சாலை, கூப்பருடைய தாள்களையும் மேடைப் பொருள்களையும் தன் சேமிப்பிற் சேர்த்துக்கொண்டது. அவற்றுள்ளே அவருடைய நகைச்சுவைக் குறிப்புகளும் அடங்கும். சிரிப்புத் துணுக்குகளை அகரவரிசைப்படி பகுத்து, வேண்டியபோது எடுக்கத்தக்கவாறு, ஒரு சுவடிக்காப்பாளருக்குரிய செப்பத்தோடு அவர் அடுக்கி வைத்திருந்தார். தொப்பிப் பெட்டியிலே வேண்டிய தொப்பியைக் காணாது தவித்தவர், தம் துணுக்குப் பெட்டியிலே வேண்டிய துணுக்கை நொடியில் எடுக்கக்கூடியவராயிருந்தார். தேர்வுக் காலத்திலே குறிப்புத் தாள்களைத் தேடி வீட்டையே கலக்கும் நம் மாணவச் செல்வங்கள் இதனைச் சற்று மனத்திற் கொள்வார்களாக.

ஐம்பதுகளிலே தொலைக்காட்சி வீடுதோறும் புகத் தொடங்கியது. பலவகைக் கலைஞரும் ஒரே மேடையில் தோன்றும் அரங்குகள் பிரித்தானியாவில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஊர் ஊராகச் சென்று ஒரே நிகழ்ச்சியைப் பல்லாண்டு காட்டிப் பிழைத்தவர்க்கு, ஓரிரவில் நாடு முழுதும் அதனைப் பார்த்துவிடும் நிலை பேரிடியாயிற்று. கூப்பர் அதனையும் தாண்டினார். எத்தனை முறை பார்த்தாலும் அவர் விழிக்கும் விழிப்பு மக்களுக்குச் சலிக்கவில்லை. வித்தையின் மறைவு வெளிப்பட்டால் வித்தை செத்துவிடும். மனிதரின் இயல்பைக் கண்டு மகிழும் மகிழ்ச்சிக்கு அவ்வச்சம் இல்லை.

மேடைக்கு வெளியிலும் அவரைப் பற்றிய கதைகள் பல. வாடகைக் காரிலிருந்து இறங்கும்போது சாரதியின் சட்டைப் பையிலே எதையோ இட்டு, என் செலவில் ஏதேனும் குடியும் என்பாராம். சாரதி மகிழ்ந்து பையைத் துழாவினால் அகப்படுவது ஒரு சிறு தேயிலைப் பொட்டலம்! தேயிலை விளையும் நாட்டினராகிய நாமும் இதற்குச் சிரிக்காமலிருக்க இயலாது.

ஆயினும் இவ்வாழ்க்கைக்கு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது நேர்மையாகாது. மேடையேறுமுன் அச்சமும், ஏறி இறங்கியபின் தளர்ச்சியும் அவரை வாட்டின. மதுவை நாடினார், அது பழக்கமாகி, பின் நோயாயிற்று. 1977இல் உரோமாபுரியிலே அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. குடியினால் அவர் உடலும் இல்லத்தின் அமைதியும் குலைந்தமையை அவர் வரலாற்றை எழுதியோர் மறையாது கூறுகின்றனர். நாட்டையே சிரிக்கவைத்த ஒருவர் தம் வீட்டாரின் கண்ணீருக்குக் காரணமாயிருந்தார் என்பது கசப்பான உண்மை. கலை பெரிதாயிருப்பதனாற் குற்றம் சிறிதாகிவிடாது.

1984ஆம் ஆண்டு ஏப்ரில் 15ஆந் திகதி. இலண்டனில், அந்நாளிலே 'ஹேர் மஜெஸ்ரிஸ்' என வழங்கிய அரங்கிலிருந்து ஒரு கலைநிகழ்ச்சி நேரடியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கூப்பருக்கு உதவிப் பெண் ஒருவர் நீண்ட மேலங்கியை அணிவித்தார். அங்கியினுள்ளிருந்து எண்ணிறந்த பொருள்களை எடுப்பதே வித்தை. நிகழ்ச்சித் தலைவர் ஜிம்மி ரார்பக் திரைக்குப் பின்னே மறைந்திருந்து அப்பொருள்களை நீட்டுவதற்கு ஆயத்தமாக நின்றார். அப்போது கூப்பர் மெல்லச் சரிந்து, திரையோடு சாய்ந்து அமர்ந்தார். உதவிப்பெண் புன்னகை செய்தார். அவையோர் சிரித்தனர். அவர் மூச்சுத் திணறிப் பின்னே சாய்ந்தார். அவையோர் இன்னும் சிரித்தனர். இஃது அவருடைய இன்னுமொரு குழப்பம் என்றே யாவரும் எண்ணினர். வீடுகளிலே குழந்தைகுட்டிகளோடு பார்த்திருந்தோரும் அங்ஙனமே எண்ணினர்.

விளம்பர இடைவேளை விடப்பட்டது. திரைக்குப் பின்னே அவரைப் பிழைப்பிக்க முயன்றனர். திரைக்கு முன்னே எஞ்சிய ஒடுங்கிய இடத்திலே மற்றைக் கலைஞர் நிகழ்ச்சியைத் தொடர்ந்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது உயிர் பிரிந்திருந்தது. அவருக்கு வயது 63.

கலைஞனுக்கு இதனினும் நல்ல சாவு ஏது, மேடையில், சிரிப்பொலிக்கிடையே அன்றோ உயிர் விட்டார் என்று கூறுவோர் உளர். நாம் அதனோடு எளிதில் உடன்படுவதற்கில்லை. அவையோரைக் குறைகூறவும் நாம் வரவில்லை. அவர்கள் முப்பத்தேழு ஆண்டுகளாகப் பழக்கப்பட்டவாறே நடந்தனர். ஆனால் பொய்யாகத் தடுமாறுவதிலே ஒருவர் பெற்ற தேர்ச்சி, மெய்யாகத் தடுமாறிய கணத்தில் அவருக்கு உதவியாளரே இல்லாமற் செய்துவிட்டது. இதனை ஒரு விதி விளையாட்டாகச் சொல்லிக் கடந்துவிட நம் மனம் ஒப்பவில்லை.

ஏனெனில் அத்தகையோர் இலண்டன் அரங்கிலே மாத்திரம் இருப்பவரல்லர். வகுப்பறை ஒவ்வொன்றிலும் ஒரு மாணவன் இருக்கின்றான். விடை தெரியாதபோது வேடிக்கையாக ஏதேனும் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைப்பான். விழுந்தால் தானே முதலிற் சிரிப்பான். குறைந்த புள்ளியைத் தானே உரக்க வாசித்துக் காட்டுவான். குடும்பங்களிலும் அத்தகையோர் உளர். மாமாவோ சித்தப்பாவோ, கொண்டாட்ட வீடுகளிலே கூட்டத்தைக் கலகலப்பாக்குபவர். அவர்கள் தம் நாணத்தைச் சிரிப்பாக மாற்றக் கற்றுக்கொண்டவர்கள். அது பெரிய ஆற்றல். அதனை நாம் மதித்தல் வேண்டும். மேடையில் ஒருமுறை நாக்குழறினால் இனி ஏறுவதில்லை என்று நடுங்கும் பிள்ளைகளுக்கு, பால் கொட்டி நனைந்த அவ்விளைஞரின் கதையைப் பெற்றோர் எடுத்துச் சொல்லுதலும் வேண்டும். பிழைத்தது முடிவன்று, பிழையினின்றும் ஒரு தொழில் பிறக்கும், அதற்குப் பின்னே அகரவரிசைப் பெட்டிகளும் வாரத்திற்கு 52 மேடைகளும் இருக்குமாயின்.

அதனோடு இன்னுமொன்றும் வேண்டும். நம்மைச் சிரிக்கவைப்பவர் முகத்தை, சிரிப்பு அடங்கியபின், ஒருகணம் உற்றுப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அவர் நலமாயிருக்கின்றாரா என்று கேட்பதற்கு வித்தை ஒன்றும் கற்கவேண்டியதில்லை.

பிறந்த ஊராகிய கெயர்பிலியிலே கூப்பருக்குச் சிலை எடுத்துள்ளனர். வேல்ஸ் நாட்டவரான நடிகர் அந்தனி ஹொப்கின்ஸ் 2008இல் அதனைத் திறந்துவைத்தார். துருக்கித் தொப்பி அணிந்த நெடிய உருவம். அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்வோர் இன்றும் சிரித்துக்கொண்டுதான் நிற்கின்றனர்.